கழுத்தைக் கொடுப்பதற்கு முன்

நான் வேலை பார்க்கும் சாஸ்கட்டூன் நகரத்தில், ஆட்கள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கழுத்தைத் திருகிக்கொள்ளப் போவார்கள். கனடாவின் நடுவில், சுற்றிலும் கோதுமை வயலும் வருடத்தில் பாதி பனியுமாகக் கிடக்கும் ஊர் அது. தானியங்களைப் பரிசோதிக்கும் கூடம் ஒன்றில் எனக்கு மைக்ராஸ்கோப்பைக் குனிந்து பார்க்கும் வேலை. பக்கத்து மேசைக்காரி, தனக்கு இன்று கைரோ இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். நம்மூரில் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போவோமே, அதே தோரணை. முதுகெலும்பையும் மூட்டையும் கையாலேயே அழுத்தித் திருப்பிவிடுகிற கைரோபிராக்டிக் வைத்தியத்தின் பெயரை முழுசாகச் சொல்லக்கூட அவளுக்குப் பொறுமை கிடையாது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் என் கண் அவள் கழுத்துக்குத்தான் போகும். தலை சரியாக ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

நாமும் ஒருமுறை போய்ப் பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது ஒரு பஸ் ஸ்டாப்பில். மூக்கு முடியெல்லாம் உறைந்து குத்துகிற குளிர். கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டுப் போனைப் பார்த்தால், ராஜபாளையத்திலிருந்து அம்மா ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், படுத்திருக்கும் ஆளின் தலையை இரண்டு கையிலும் ஏந்தி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்துவிட்டு, எதிர்பாராத நேரத்தில் ஒரு வெட்டு வெட்டித் திருப்புகிறார். டக் என்று ஒரு சத்தம். பின்னணியில் சாமி பாட்டு. கூடவே அம்மா பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்.

"ஏட்டி, சாப்ட்டியா? இந்த வீடியோவப் பாரு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல புதுசா வந்திருக்காராம். கழுத்தப் புடிச்சு ஒரு திருப்பு, அம்புட்டுதான். எனக்கும் கொஞ்ச நாளா கழுத்து ஒரு மாதிரியா இருக்கு. பயப்படுறாப்புல ஒண்ணும் இல்ல. சும்மா போய்ட்டு வாரேன்."

பயப்படுறாப்புல ஒண்ணும் இல்ல. என் அம்மா வாயிலிருந்து இந்த வார்த்தை வந்தால் நான் பயப்பட வேண்டும். அப்பாவுக்கு நெஞ்சு வலித்த அன்றும் இதைத்தான் போனில் சொன்னாள். பஸ் வந்து, கதவு திறந்து, ஓட்டுநர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் போனுக்குள் கத்தினேன். "எம்மா, நான் ஊருக்கு வாரதுவரைக்கும் எவன் கையிலயும் கழுத்தக் குடுக்காத. மொதல்ல இங்க நான் போய் என்னன்னு பாக்கேன்." இரண்டு மாதத்தில் லீவில் ஊருக்குப் போவதாக இருந்தேன். அதற்குள் அந்த வித்தையின் உள்விவரத்தைத் தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். எனக்கும் மைக்ராஸ்கோப் புண்ணியத்தில் தோள்பட்டை இழுத்துக்கொண்டுதான் இருந்தது. நோயாளி வேஷத்தில் ஓர் ஒற்றுவேலை.

அப்படியே லீவில் ஊருக்கு வந்து, முந்தாநாள் அந்த ஸ்ரீவில்லிபுத்தூர் சென்டரில், வெளியே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு மருந்துக்கடைக்கு மாடியில் இருக்கிறது. மூலையில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் காய்ந்துபோய் இன்னும் இருந்தன. சாஸ்கட்டூனில் நான் போய் வந்த இடத்திலும் இதேபோல் ஓர் எலும்புக்கூடு உண்டு. அதற்கு யாரும் பொட்டு வைப்பதில்லை. சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ்களை எழுந்து போய் ஒவ்வொன்றாகப் படித்து, போனில் படமும் எடுத்துக்கொண்டேன். அம்மா என் சுடிதாரைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, ஒக்காரு. கல்யாணத்துக்கு மாப்பிள்ள பாக்க வந்த மாதிரி சுத்திச் சுத்தி வாரா."

"மாப்பிள்ளைக்கே இம்புட்டு விசாரிக்கணும். இது கழுத்து."

எதிரே கான்சாபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா சிரித்தார். இடுப்புக்காக வருகிறாராம், இது மூன்றாவது தடவையாம். "பயப்படாதீங்க தாயி. போன தடவ நல்ல சத்தம். தடதடன்னு மூணு சொடக்கு. அதுக்கு மொத தடவ ஒண்ணுதான் வந்துச்சு. சத்தம் கம்மியா வந்தா விட்றாதீங்க, கேட்டு வாங்கிருங்க" என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். பால்காரரிடம் கொசுறு கேட்கிற மாதிரி. அம்மா தலையை ஆட்டி அதை மனத்தில் குறித்துக்கொண்டாள்.

நான் ஏன் இவ்வளவு சந்தேகப்படுகிறேன் என்று கேட்டால், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நானே ஒரு காலத்தில் இந்தத் தொழிலில் இருந்தவள். பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்தது எனக்கு. அப்படிப் பிறந்தவர்களின் கால் பட்டால் இடுப்புச் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பள்ளிக்கூட நாளிலிருந்து காலேஜ் முடிக்கும்வரை தெருவில் யாருக்குப் பிடிப்பு வந்தாலும் காலையில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். பெண்கள்தான் அதிகம். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறியில் நிற்கிறவர்கள், அம்மாவைப் போலத் துணி மடிக்கிற வேலைக்குப் போகிறவர்கள். வருகிறவர் வாயைத் திறக்கக் கூடாது. எங்கே வலி, எப்படி வந்தது, எதுவும் சொல்லக் கூடாது. பேசாமல் வந்து குப்புறப் படுக்க வேண்டும். நான் வலது காலால் மூன்று தடவை மிதிக்க வேண்டும். எழுந்து, திரும்பிப் பார்க்காமல், நன்றிகூடச் சொல்லாமல் போக வேண்டும். பேசிவிட்டால் பலிக்காது. நான் மிதிக்கும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொள்வாள். என் பாரம் எவ்வளவு இறங்கலாம் என்பதை அவள் பிடிதான் தீர்மானிக்கும். முதுகு நோஞ்சானாக இருந்தால் என்னைக் கிட்டத்தட்டத் தூக்கியே பிடித்திருப்பாள்.

பலித்ததா என்று கேட்டால், பலித்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பலிக்காதவர்கள் திரும்பி வந்து சொல்லவும் வழியில்லை, பேசக் கூடாதே. என் கால் எனக்குத் தெரியும். பித்தவெடிப்பு உள்ள சாதாரணக் கால். அதனால் வேறொருவர் வெள்ளைச் சட்டையும் மேசையும் போட்டுக்கொண்டு இதையே செய்தால், என்னால் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க முடிவதில்லை. என்ன சொல்கிறான், எதை மறைக்கிறான் என்றுதான் பார்ப்பேன்.

சாஸ்கட்டூனில் முதல்நாள் அப்பாயின்ட்மென்டுக்கு அந்தக் கண்ணோடுதான் போனேன். புதிதாக வந்திருக்கிற நம்மவர்களுக்கும், ஊரில் வீடியோ பார்த்துவிட்டுக் கிளம்பத் தயாராக இருப்பவர்களுக்கும் உதவும் என்பதால் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். போனதும் படுக்கவைத்துத் திருகிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். டாக்டர் என்றேன். கிரெக் என்று கூப்பிடு, போதும் என்றார். தன்னை டாக்டர் என்று கூப்பிட வேண்டாம் என்கிற டாக்டரை நான் அதுவரை பார்த்ததில்லை. படிப்பு ஏதும் குறைச்சலோ என்று அங்கேயே எனக்கு முதல் சந்தேகம்.

எங்கே வலிக்கிறது என்று கேட்டார். நான் சொல்லவில்லை. நம்மூரில் வைத்தியரிடம் போனால் கையை நீட்டிவிட்டுச் சும்மா இருப்போம். என்ன செய்கிறது என்று அவர்தான் சொல்ல வேண்டும். சொன்னால் கெட்டிக்காரர், சொல்லாவிட்டால் அடுத்த தெருவில் வேறு வைத்தியர். நானும் அந்தப் பழக்கத்தில், நீங்களே கண்டுபிடியுங்கள் என்பதுபோலச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தேன். கிரெக் பேனாவைக் கையில் எடுத்தார். பிறகு, "நீங்கள் சொல்லாவிட்டால் நான் யூகிக்க வேண்டியிருக்கும். எனக்கு யூகிக்க அவ்வளவாக வராது" என்றார். வித்தைக்காரன் இப்படிப் பேசமாட்டானே என்று எனக்குக் குழப்பம்.

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலிக்கு ஓர் எண் கொடுக்கச் சொன்னார். பத்து என்றால் பேராசையாகத் தெரியும், இரண்டு என்றால் எதற்கு வந்தாய் என்பார். பாஸ் மார்க்கை மனத்தில் வைத்து நான்கு என்றேன். அழுத்திப் பார்த்து, இங்கே வலிக்கிறதா என்றார். நான் நம்மூர் வழக்கப்படி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டினேன். கையை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "இது ஆமாமா, இல்லையா?" கொஞ்சம் வலிக்கிறது, ஆனால் பரவாயில்லை என்று அர்த்தம் என்றேன். எதையோ எழுதிக்கொண்டார். "கழுத்து எவ்வளவு தூரம் அசைகிறது என்று அடுத்துப் பார்க்க வேண்டும் என்றிருந்தேன். பாதியை நீங்களே காட்டிவிட்டீர்கள்."

அதற்குப் பிறகு கேள்விகள். தலைசுற்றல் உண்டா, கண் இரண்டாகத் தெரிகிறதா, கை மரத்துப்போகிறதா, கையிலிருந்து பொருள் நழுவுகிறதா, நடக்கும்போது தள்ளாடுகிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், சமீபத்தில் விழுந்தாயா. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசிக் கேள்வியில் அவர் பேனாவை வைத்துவிட்டார். "இந்த ஊரில், இந்தக் குளிர்காலத்தில், ஒரு தடவைகூட வழுக்கவில்லையா? நானே இரண்டு தடவை விழுந்துவிட்டேன்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். என் வாசற்படியிலேயே பனிக்கட்டியில் வழுக்கித் தோள் அடிபட விழுந்ததை, எழுந்ததும் யாராவது பார்த்தார்களா என்று முதலில் தெருவைப் பார்த்ததை, அன்றைக்கு அம்மாவிடம் வீடியோவில் பேசும்போது அந்தத் தோள் தெரியாமல் ஒருக்களித்து உட்கார்ந்திருந்ததை. அம்மாவுக்குச் சொன்னால் தூங்கமாட்டாள். முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரரிடம் சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது.

ரத்த அழுத்தம் பார்த்தார். முழங்கையிலும் முழங்காலிலும் சின்னச் சுத்தியலால் தட்டினார். தன் விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அதன்பிறகு அவர் சொன்னதுதான் என் சந்தேகத்தை உச்சிக்கு ஏற்றியது. கழுத்தைத் திருப்பும்போது, மிக அபூர்வமாக, மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் பாதிக்கப்பட்டுப் பக்கவாதம்கூட வரலாம், இதைத் தெரிந்துகொண்டுதான் சம்மதிக்க வேண்டும் என்றார். எந்த ஊரில், எந்தக் கடைக்காரன், தன் சரக்கால் ஆள் விழுந்துவிடலாம் என்று சொல்லி விற்பான்? நம்பி உட்காருவதா, பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடுவதா? அந்த டக் சத்தம் எலும்பு சரியான இடத்தில் உட்காரும் சத்தம்தானே என்று மடக்கினேன். இல்லை, மூட்டுக்குள் இருக்கும் வாயுக் குமிழியின் சத்தம், சத்தம் வராவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது என்றார். இப்படித் தன் குட்டைத் தானே உடைத்துவிடுகிற ஆளிடம் எப்படித்தான் சந்தேகப்படுவது? அன்றைக்கு அவர் என் கழுத்தைத் திருப்பவில்லை. மேல்முதுகில் மட்டும் ஓர் அழுத்து. முகவாயை உள்ளே இழுக்கிற ஒரு பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து அனுப்பினார். ஓரிரு தடவை வந்து பார், குறையவில்லை என்றால் என்னை விட்டுவிட்டு வேறு டாக்டரைப் பார் என்றார். வலி குறைந்தது. அவரால் குறைந்ததா, நாளானதால் குறைந்ததா என்று தெரியாது. என் காலால் குணமானவர்களுக்கும் அது தெரியாதுதான்.

ஆனால் ஒற்றுவேலை பலித்தது. எது நடந்தால் உட்காரலாம், எது நடந்தால் எழுந்து ஓட வேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்காமல் கை வைத்தால் ஓடு. அது ஒன்றுதான் அளவுகோல். ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மாவைக் கூப்பிட்டதும் நானும் கூடவே உள்ளே நுழைந்தது இந்தத் தைரியத்தில்தான்.

அவர் மம்சாபுரத்துக்காரர். என்னைவிட ஓரிரு வயது இளையவராக இருக்கலாம். வீடியோவில் இருந்த அதே வெள்ளைச் சட்டை. அவர் வாயைத் திறப்பதற்கு முன் நான் திறந்தேன்.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பிசியோதெரபி படிச்சேன். கைரோ பொறவு தனியா கோர்ஸ் பண்ணினேன்."

"எம்புட்டு நாள் கோர்ஸ்? எங்க?"

"அக்கா, நீங்க இன்கம்டாக்ஸ் ஆபீஸா?"

அம்மா குறுக்கே புகுந்தாள். "தம்பி, அவ கனடாவுல இருந்து வந்திருக்கா. அங்க எல்லாத்தையும் கேட்டுத்தான் வாங்குவாகளாம். நீங்க ஒண்ணும் நெனைச்சுக்கிடாதீங்க. கழுத்த ஒரு திருப்பு திருப்பி விடுங்க, மத்தியானச் சோத்துக்கு வீடு போய்ச் சேரணும்."

அவர் திருப்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்கம்மா வலிக்குது, எம்புட்டு நாளா, கை மரத்துப்போகுதா, தலை சுத்துதா, எங்கயும் விழுந்தீங்களா. எனக்கு ஏமாற்றமாகவே போய்விட்டது. ஓடுவதற்குத் தயாராக வந்தவளை ஓடவிடாமல் செய்துவிட்டார். கிரெக் கேட்ட அதே கேள்விகள், கிட்டத்தட்ட அதே வரிசை. இதையும் ஏதாவது வீடியோவில் பார்த்து மனப்பாடம் செய்திருப்பாரோ என்று ஒரு சந்தேகத்தைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டேன். அம்மாவோ எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள். "இல்ல தம்பி." "அதெல்லாம் இல்ல." "ஒண்ணும் கெடையாது, லேசாப் புடிச்சிருக்கு." எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பார், என் அம்மாவும் அவரைச் சோதிக்கிறாள், நீயே கண்டுபிடி என்கிறாள் என்று நினைத்தேன்.

"செத்த நடந்து காட்டுங்கம்மா. ஒரு கால் குதிய அடுத்த கால் விரல ஒட்டி வச்சு வச்சு, நேரா."

"நான் என்ன கம்பி மேல நடக்கவளா?" என்று அம்மா எழுந்தாள். இரண்டாவது அடியிலேயே அவள் கை சுவரைத் தேடியது. சேலை தடுக்கிவிட்டது என்றாள். சேலை தடுக்கவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் முதலில் கேட்ட ஒரு கேள்வியை மறுபடியும் கேட்டார். "எங்கயும் விழுந்தீங்களாம்மா?"

அம்மா அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஏட்டி, நீ செத்த நேரம் வெளிய இரு."

"எதுக்கு?"

"சேலையத் தளர்த்தணும்."

"நான் பாக்காத சேலையா?"

"போன்னா போயேன். எல்லாத்துக்கும் ஒரு வக்கீல் கேள்வி."

வெளியே வந்தேன். கதவு சாத்திக்கொண்டது. அறை என்பது ஒரு பிளைவுட் தடுப்புதான், கூரைவரை போகாது. அந்தப் பெரியம்மா, சத்தம் வந்துச்சா என்று ஜாடையில் கேட்டார். நான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். அம்மா குரலைத் தாழ்த்திப் பேசினாள். அவள் தாழ்த்திப் பேசுவதைக் கேட்டே வளர்ந்தவள் நான், ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

"தம்பி, அவ காதுல விழ வேண்டாம். ரெண்டு தடவ விழுந்துட்டேன். ஒரு தடவ குளியல் ரூம்ல, ஒரு தடவ வாசல்ல. தலை சுத்தி இல்ல, கால் எங்க வைக்கேன்னு காலுக்கே தெரிய மாட்டேங்கு. கை அதைவிட மோசம். சட்டையில ஊக்கு மாட்ட முடியல. இட்லித் தட்டு நழுவுது. என் கை என் கை மாதிரியே இல்ல."

அவர் என்னவோ கேட்டார்.

"ஆறு மாசம் இருக்கும். அவளுக்குத் தெரியாது. போனக் கையில புடிச்சுப் பேசுனா ஆடும், கண்டுபுடிச்சிருவா. செவுத்துல சாச்சு வச்சுத்தான் பேசுவேன். அவ அங்க தனியா கெடக்கா தம்பி. தெரிஞ்சா வேலைய விட்டுட்டு வந்துருவா."

ஆறு மாதமாக அம்மா போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பேசுகிறாள். முகம் முழுசாகத் தெரியும், படம் ஆடாது. எங்கம்மா கேமரா வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று என்னுடன் அறையில் தங்கியிருப்பவளிடம் பெருமையடித்திருக்கிறேன். அந்தப் பிளைவுட் கதவில் முதுகு ஒட்டியபடி நின்றபோது எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. உலகத்தில் இருக்கிற ஒவ்வொருவனையும் சந்தேகப்படுகிற நான், வாரம் தவறாமல் அந்தச் சின்னத் திரையில் ஆடாமல் அசையாமல் தெரிந்த அம்மாவை மட்டும் அப்படியே நம்பியிருக்கிறேன். நான் அவளிடம் மறைத்ததை அங்கே கிரெக்கிடம் சொன்னேன். அவள் என்னிடம் மறைத்ததை இங்கே மம்சாபுரத்துக்காரரிடம் சொல்கிறாள். எங்கள் இருவரையும் சேர்த்து வைத்துப் பார்க்கிற ஆள் எந்த ஊரிலும் இல்லை.

அவர் கதவைத் திறந்து வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தடுப்பின் உயரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டார். "அக்கா, நான் கழுத்துல கை வைக்கப் போறதில்ல. கழுத்துக்குள்ள தண்டுவடத்த எதுவும் அழுத்துதோன்னு பாக்கணும். அப்படி இருந்தா திருப்புறது ஆபத்து. எம்ஆர்ஐ எடுங்க. நரம்பு டாக்டர்ட்ட காட்டுங்க. மதுரைக்கே போயிருங்க, தள்ளிப்போட வேண்டாம்."

"எந்த ஸ்கேன் சென்டர்?" என்றேன். என் நாக்கு என் அனுமதியைக் கேட்பதில்லை.

"பேரு சொல்ல மாட்டேன். சொன்னா எம்புட்டு கமிஷன்னு கேப்பீங்க. எங்க வேணும்னாலும் எடுங்க."

அந்தப் பதிலையும் நான் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பொய்யராக இருந்திருந்தால் அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று ஆகியிருக்கும்.

அம்மாவுக்கு வேறு கோபம். படியிறங்கும்போது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். "ஒரு சொடக்குகூட எடுக்காம அனுப்புதான். வீடியோவுல மட்டும் அந்தத் திருப்பு திருப்புதான்." மேலேயிருந்து கான்சாபுரத்துப் பெரியம்மா, "நீங்க கேட்டு வாங்கிருக்கணும் தாயி" என்றார்.

ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். என்ன சொன்னாரும்மா என்று கேட்டேன். அவளே சொல்லட்டும் என்று இருந்தது. "தேய்மானமாம். வயசானா எல்லாருக்கும் வாரதுதான. உள்ளாற ஒரு போட்டோ எடுத்துட்டா போதும்னான். பயப்படுறாப்புல ஒண்ணும் இல்ல" என்றாள். மடியில் வலது கையை இடது கை பிடித்துக்கொண்டிருந்தது, பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோல. சரிம்மா என்றேன். கேட்டுவிட்டேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் அடுத்த தடவை இன்னும் தள்ளிப்போய், இன்னும் மெதுவாகப் பேசுவாள். எனக்கு அது பயமாக இருந்தது.

அதனால் ஊரில் இருப்பவர்களுக்கும் என்னைப்போல் வெளியே கிடப்பவர்களுக்கும் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கைரோவுக்குப் போகலாமா கூடாதா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு இன்னும் அதில் முடிவு இல்லை. கேட்காமல் கழுத்தில் கை வைக்கிறவரிடம் போகாதீர்கள். கேட்கிறவர் கிடைத்தால், பேசாமல் படுத்தால்தான் பலிக்கும் என்கிற நம் வழக்கத்தை வாசலில் செருப்போடு கழற்றிவிட்டுப் போங்கள். முதல் நாள் அவர்கள் செய்கிற பெரிய வேலை கேட்பது. அங்கே பொய் சொன்னால் அந்தப் பொய்யின் மேல்தான் அவர்கள் கை இறங்கும். அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்கள் கெட்டிக்காரத்தனமாகக் கூடவே உட்கார்ந்திருக்காதீர்கள். கொஞ்ச நேரம் எழுந்து வெளியே போங்கள். நீங்கள் இருப்பதே ஒரு தடையாக இருக்கலாம். இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது. பத்துக்கு எத்தனை என்று கேட்டால் இந்தமுறை பாஸ் மார்க் சொல்லமாட்டேன்.

நாளைக் காலை மதுரைக்குப் போகிறோம். ஸ்கேனுக்கும் நரம்பு டாக்டருக்கும் நேரம் வாங்கியாகிவிட்டது. அதற்கடுத்த வாரம் எனக்கு விமானம். அதைத் தள்ளிப்போடுவதா வேண்டாமா என்பது நாளைக்குத்தான் தெரியும். நாளைக்கு ஒன்று முயன்று பார்க்கப்போகிறேன். டாக்டர் அம்மாவிடம் கேட்க ஆரம்பிக்கும் முன், நான் என் கதையைச் சொல்லப்போகிறேன். பனியில் விழுந்ததை, தோளை மறைத்துக்கொண்டு பேசியதை, அவள் தூங்கமாட்டாள் என்று சொல்லாமல் விட்ட மற்றதையெல்லாம், அவள் காதில் விழும்படி. இதில் நோயாளி யாரும்மா என்று டாக்டர் எரிந்து விழக்கூடும், விழட்டும். அதன்பிறகும் அம்மா, ஏட்டி நீ செத்த வெளிய இரு என்று சொன்னால், எழுந்து கதவுவரை போவேன். தாண்டமாட்டேன். ஒரு கால் அறைக்குள்ளும் ஒரு கால் வராந்தாவிலுமாக நிற்பேன். வாசலில் நிற்கும் நர்ஸ், வழியை மறிக்காதீங்க, உள்ள வாரதுன்னா வாங்க, வெளிய போறதுன்னா போங்க என்று நிச்சயம் சொல்வார். உள்ளேயா வெளியேயா என்கிற அந்தக் கேள்விக்கு இத்தனை வருடத்தில் நான் எந்த ஊரிலும் பதில் சொன்னதில்லை. நாளைக்கு, அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, உள்ளே என்று சொல்லிப் பார்க்கப்போகிறேன்.